கரும்பு தந்தவன் கோட்டை

சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாய் வந்ததும் விழித்துக்கொண்டு விடுவார்கள். வளைந்து வளைந்து மலை ஏறும் அந்தச் சாலையில் தூங்க யாராலும் முடியாது. ஏறி முடித்ததும் மறுபடி கண்ணை மூடிவிடாதீர்கள். அடுத்து வருவது நல்லம்பள்ளி. செவ்வாய்க்கிழமையானால் அங்கே சந்தை. ஆடுகள் ஒரு பக்கம், நாட்டுக்கோழிகள் ஒரு பக்கம், பேரம் எல்லாப் பக்கமும்!

சந்தையை வேடிக்கை பார்த்துவிட்டு தர்மபுரிப் பக்கமாகச் சிறிது தூரம் போனால் அதியமான்கோட்டை. பேரைக் கேட்டதும் வானளாவிய மதிலையும் கொத்தளங்களையும் எதிர்பார்த்து இறங்குவீர்கள். காலபைரவர் கோயில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியன்று பூசணிக்காயில் விளக்கேற்றக் கூட்டம் கூட்டமாய் ஜனங்கள் வருகிறார்கள். அதியமானுக்கும் ஔவைக்கும் நினைவாக அதியமான் கோட்டம் இருக்கிறது. "எல்லாம் சரி, கோட்டை எங்கே?" என்கிறீர்களா? அந்த மண்கோட்டையை மழையும் காலமும் கரைத்துவிட்டன. பேர் மட்டும் கரையவில்லை.

அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அந்த வம்சம் கொடுத்த இன்னொரு பொருளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையே சொல்கிறார்: தமிழ்நாட்டுக்கு முதன் முதலில் கரும்பைக் கொண்டு வந்தவர்கள் அதியமானின் முன்னோர்களாம்! கரும்பின் பூர்விகம் நியூ கினித் தீவு என்று இன்றைய தாவர நூலார் சொல்லுகிறார்கள். ஆகவே அது கடல் கடந்து நம்மிடம் வந்த விருந்தாளி. அதை வரவேற்ற புகழைத் தகடூர் வம்சத்துக்கே ஔவை கொடுத்திருக்கிறார்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் தெரியுமா? இந்தக் காலத்தில் பிறந்த நாள் என்றால் கேக். அதுவும் வட்டமாக இருந்தால் குழந்தைகள் ஒப்புவதில்லை. கோட்டை மாதிரி வேண்டும். நாலு மூலையிலும் கோபுரம் வேண்டும். சீமைக் கதைப் புத்தகத்திலுள்ள படத்தைக் காட்டி, "இதே மாதிரி!" என்று அடம் பிடிக்கும். அங்கே சர்க்கரையில் மாளிகை கட்டுவது பெரிய கலை. பாரிஸில் காரேம் (1784–1833) என்ற சமையற்கலைஞர், கட்டடக் கலைப் புத்தகங்களைப் பார்த்தே சர்க்கரைக் கோயில்களும் கோபுரங்களும் எழுப்பிப் பேர் வாங்கினார்.

நமக்கு மட்டும் இது புதிதா? கல்யாணத்தில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே ஜோடியாக நிற்கும் பருப்புத் தேங்காயை நினைத்துப் பாருங்கள். அசல் கோட்டைக் கோபுரம் அல்லவா? பக்கத்துக் கன்னட நாட்டில் சங்கராந்திக்கு மர அச்சுகளில் சீனிப் பாகை ஊற்றிக் கோபுரமும் கிளியும் வார்த்தெடுக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த பிறந்த நாளுக்கு அதியமான் கோட்டையையே கட்டிவிடுங்கள். பரணிலிருக்கும் பருப்புத் தேங்காய்க் கூட்டை இறக்கி, உட்புறம் நெய் தடவிக் கொள்ளுங்கள். இரண்டு பங்கு வறுத்த வேர்க்கடலைக்கு ஒரு பங்கு வெல்லம். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து, உருட்டித் தட்டில் போட்டால் 'டண்' என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்துக்கு ஒரு நிமிஷம் முந்தினாலும் கோபுரம் உட்கார்ந்துவிடும். கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் கூட்டில் அழுத்தி அடைக்க வேண்டும். சூட்டுக்குப் பயந்தால் கோபுரம் எழும்பாது. கையில் நெய் தடவிக் கொள்ளலாம். நன்றாக ஆறிய பிறகு கூட்டைக் கழற்றுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடலைக் கோபுரம் கனமானது. கேக்கோ பஞ்சு போன்றது. கோபுரத்தைக் கேக்கின் தலையில் ஏற்றினால் விருந்தாளிகள் வருமுன்பே முற்றுகை முடிந்து கோட்டை விழுந்துவிடும். நாலு மூலையிலும் தட்டின் மீதே நிறுத்துங்கள். மதிலின் மேல் தேங்காய் பர்பித் துண்டுகளை இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். சங்கப் புலவர்கள் 'ஞாயில்' என்று சொன்ன மதிலுறுப்பு கிடைத்துவிடும். உச்சியில் ஈர்க்குச்சியில் ஒரு காகிதக் கொடி. மழை நாளானால் கடைசி நிமிஷத்தில் கட்டுங்கள். ஈரக்காற்று பட்டால் வெல்லம் கசிந்து பிசுபிசுக்கும்.

கேக்கை வெட்டுமுன் குழந்தையிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். இந்தக் கோட்டை எங்கோ சீமையில் இல்லை, நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது என்று சொல்லுங்கள். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்ற கதையைச் சொல்லுங்கள். அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்ற நூலும் முழுமையாகக் கிடைக்கவில்லை; சில பாட்டுகளே மிஞ்சியிருக்கின்றன. மதிலும் போயிற்று, நூலும் பெரும்பாலும் போயிற்று. கரும்பு மட்டும் தங்கிவிட்டது. பொங்கல் தோறும் வீட்டு வாசலுக்கு வருகிறது.

காத்து வைத்தது கரைந்து போயிற்று. கொடுத்தது நிலைத்து நிற்கிறது. இதைக் குழந்தைக்குச் சொல்லிவிட்டு, முதல் கோபுரத்தை உடைத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அதியமான் வீட்டு வழக்கம் அதுதானே!