தைமுக்குச் சொந்தம் தும்பை

மரக்காணம்

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடையில் பெய்த மழையால் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை நின்றிருக்கிறது.

இங்கிலாந்துக் குன்றில் காட்டுத் தைம் செடியைக் கசக்கி முகர்ந்தேன், ஓமம்போலவே மணந்தது, இரண்டும் ஒரே இனமா என்று கேட்டிருந்தாய். உன் மூக்கு ஏமாறவில்லை. இரண்டிலும் இருப்பது தைமால் என்ற அதே பொருள்தான். ஆனால் மணத்தை வைத்து உறவு சொல்ல முடியாது, கண்ணு. ஓமம், சீரகமும் கொத்தமல்லியும் பிறந்த குடும்பம். தைமோ துளசிக் குடும்பம். நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஓமவல்லியும் தெருவோரத் தும்பையும்தான் அதற்குச் சொந்தம்.

உறவைத் தண்டிலும் பூவிலும் தேடு. இளந்தண்டை விரலிடுக்கில் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது வடக்கு தெற்கு. பூ குழலாகத் தொடங்கி இரண்டு உதடாகப் பிரியும். சின்ன வயதில் நீ பிடுங்கித் தேன் உறிஞ்சிய தும்பைப் பூவை நினைத்துப் பார். அகன்ற கீழுதடு தேனீ வந்து உட்காரும் திண்ணை. சிறிய மேலுதட்டுக்கு அடியில் நான்கு மகரந்தத் தாள்கள். தேனுக்குத் தலை நுழைக்கும்போது தேனீயின் மேல் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பூ உதிர்ந்தபின் புல்லிக்குள் நான்கு சிறு மணிகள் முற்றும். தைமிலும் நான்குதான்.

இங்கே உப்பளத்தின் உப்பேறிய வரப்பில் தும்பை தங்காது. அங்கே தடித்த இலையில் உப்பைச் சேர்த்து வைத்துப் பிழைக்கும் உமரிதான் ராணி. சற்றே மேடான மணலில், இந்த மழைக்கு, தும்பை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

தைமிடம் இன்னொரு விசேஷம் உண்டு. சில செடிகளின் பூக்களில் மகரந்தத் தாளும் சூலகமும் இருக்கும். சில செடிகளில் மகரந்தத் தாள் வளராமலே போய், பூக்கள் சிறுத்து, பெண் பூக்களாக மட்டும் இருக்கும். அந்தப் பெண் செடிகளே அதிக விதை தருவதை டார்வின் 1877-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்.

அடுத்த முறை குன்றுக்குப் போகும்போது ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு போ. பூவுக்கு வெளியே தாள்கள் நீட்டிக்கொண்டிருக்கும் செடி எது, இல்லாத செடி எது என்று பிரித்துப் பார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றனவா, எதில் தேனீ அதிகம் உட்காருகிறது, எல்லாவற்றையும் எழுது. ஆவலோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை