மேடிசன் கவுண்டியில் இரண்டு இரவுகள்

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவன் நான். பாட்டு, சாலை நெரிசல், வானிலை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை" என்ற வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படிப்பட்டவன், கடந்த ஜூன் மாதம் அமெரிக்காவின் ஒரு விவசாய ஊரில் புயல் எச்சரிக்கையைக் காதால் கேட்டும் ஒன்றும் புரியாமல் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அந்த ஊருக்கு ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

அக்கா சிகாகோவில் வேலை பார்க்கிறார். பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகன், நான் என ஐந்து பேர் அவரைப் பார்க்கப் போனோம். போனதோடு கொலராடோ மலைகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. சிகாகோவிலிருந்து டென்வர் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். ஐந்து பேருக்கு விமானச் சீட்டு, அங்கே இரண்டு ஹோட்டல் அறை, வாடகைக் கார், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்று எழுதி, வந்த தொகையை நான்கால் பெருக்கி ரிங்கிட்டில் பார்த்தபோது தலை சுற்றியது.

அப்போது அக்கா சொன்ன யோசனைதான் ஆர்.வி. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. ஓட்டுநர் தலைக்கு மேலேயும் ஒரு படுக்கை இருக்கும் 'சி' வகை வண்டியை எடுத்தோம். நீளம் 25 அடி. இதற்கு லாரி உரிமம் தேவையில்லை. நம் கார் உரிமமும், ஜே.பி.ஜே. தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் போதும்.

ஆர்.வி. என்றாலே மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். கோடைக்காலத்தில் நாள் வாடகை 150 டாலரைத் தாண்டும். ஓடும் மைலுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பாத்திரம், போர்வைக்கும் தனியாகக் கேட்பார்கள். ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் பெட்ரோலுக்கு இந்த வண்டி எட்டு முதல் பத்து மைல்தான் ஓடும். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் காரும் சாலையோர மோட்டலும்தான் மலிவு. ஐந்தாறு பேர் இருந்து, சமைக்கவும் தயாராக இருந்தால்தான் ஆர்.வி.க்குக் கணக்கு உதைக்காது.

அப்போதும் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: இரவில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. பெரிய நகரங்களுக்கு அருகிலுள்ள தனியார் ஆர்.வி. பூங்காக்களில் இரவுக்கு 50, 60 டாலர் சாதாரணம். ஆனால் அயோவா, கன்சஸ், நெப்ராஸ்கா போன்ற விவசாய மாநிலங்களின் சிற்றூர்கள் பலவற்றில் ஊர்ப் பூங்காவிலேயே ஆர்.வி. நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மின்சாரத்தோடு பொதுவாக 15 முதல் 30 டாலருக்குள் முடிந்துவிடும். சில ஊர்களில் பணம் வாங்க ஆள்கூட இருக்காது. உறையில் பணத்தை வைத்து, வண்டி எண்ணை எழுதி, இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வின்டர்செட்

எங்கள் முதல் தங்கல் அயோவா மாநிலத்து வின்டர்செட். சிகாகோவிலிருந்து 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஓடி, டி மொய்ன் நகரைத் தாண்டித் தெற்கே திரும்பி 25 கிலோமீட்டர். மொத்தம் ஏறக்குறைய 360 மைல். வழியில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்ததும் வால்காட் என்ற இடத்தில் 1964 முதல் நடக்கும் 'அயோவா 80' லாரி நிறுத்தம் வரும். உலகிலேயே பெரியது என்று பலகை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மகனைக் கிளப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

வின்டர்செட்டில் ஐயாயிரம் பேருக்குச் சற்றே அதிகமாக வாழ்கிறார்கள். நடுவே கல்லால் கட்டிய நீதிமன்றம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் கடைத்தெரு. ஊர்ப் பூங்காவில் மரநிழலில் ஆர்.வி. இடங்கள். இரவுக்கு முப்பது டாலருக்குள் கட்டினோம்.

மின்கம்பத்தில் வண்டியைச் சொருகியதும் அம்மா பெட்டியிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுத்தார். வீட்டு ரைஸ் குக்கர்! யாரிடமும் சொல்லாமல் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 240. பாதி வோல்ட் என்றால் குக்கருக்குக் கால் பங்கு சக்திதான் கிடைக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் அரிசி வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தது. "எரிவாயு அடுப்பு இருக்கேங்க, அதுல வைக்கலாமே" என்று மனைவி சொன்ன பிறகுதான் எங்களுக்குச் சோறு கிடைத்தது.

அடுத்த பாடம் உடனே வந்தது. எங்கள் வண்டிக்கு 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 3,600 வாட்தான். குளிர்சாதனம் ஓடும்போதே மைக்ரோவேவ், கெட்டில் இரண்டையும் போட்டால் 'டப்' என்று எல்லாம் அணைந்துவிடும். ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

அப்பாவும் சோளமும்

மறுநாள் ஊரைச் சுற்றினோம். இந்த வட்டாரம் கூரை போட்ட மரப்பாலங்களுக்குப் பெயர் பெற்றது. 19 இருந்தன, இன்று மிஞ்சியிருப்பவை ஆறு. பாலத்துக்கு எதற்குக் கூரை என்று மகன் கேட்டான். தளத்துப் பெருமரங்கள் மழையிலும் பனியிலும் உளுத்துப்போனால் மாற்றுவது பெருஞ்செலவு. கூரைப் பலகையை மாற்றுவது எளிது. அதற்காகத்தான். 1870-இல் கட்டிய ஒரு பாலத்தைப் பூங்காவுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருப்பதால் நடந்தே போய்ப் பார்க்கலாம். மற்றவை சிலவற்றுக்குச் சரளைக்கல் சாலையில் போக வேண்டும். வாடகை வண்டி ஒப்பந்தங்கள் இப்படிப்பட்ட சாலையைத் தடை செய்வது வழக்கம் என்பதால் அவற்றை விட்டுவிட்டோம். 1995-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட், மெரில் ஸ்ட்ரீப் நடித்து வந்த படத்தால்தான் இந்தப் பாலங்கள் உலகுக்குத் தெரிந்தன. நடிகர் ஜான் வெய்ன் 1907-இல் பிறந்த வீடும் இதே ஊரில்தான்.

அப்பாவுக்கு இவை எதிலும் நாட்டமில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முதலில் பால்மரம், பிறகு செம்பனை என்று 31 ஆண்டுகள் உழைத்தவர். அவர் கண் முழுவதும் ஊர் எல்லையில் தொடங்கி வானம் வரை போகும் சோளத்தின் மேல்தான். ஜூன் தொடக்கம் என்பதால் பயிர் முழங்காலைக்கூடத் தொடவில்லை. வரப்பே இல்லாத அந்த வரிசைகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நிலத்துக்கும் ஆள் எங்கடா?" என்றார்.

பதில் சொன்னவர் எங்களுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த முதியவர். ஓய்வு பெற்ற விவசாயி. ஆள் தேவையில்லை, இயந்திரம் போதும் என்றார். இந்தச் சோளம் நாம் அவித்துத் தின்பதல்ல, பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கும் எத்தனால் எரிபொருளுக்கும் போகிறது என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா சிரித்தார். "நம்ம செம்பனை மாதிரிதான். காடு பூரா காய், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் திங்க முடியாது."

பிறகு அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். நிலம் யாருடையது? முதியவர் தன் தாத்தா காலத்து நிலத்தைப் பற்றிச் சொன்னார். இப்போது அவர் அதை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாராம். அயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் இப்படிக் குத்தகையில்தான் இருக்கிறது. உழுபவர் ஒருவர், சொந்தக்காரர் இன்னொருவர். அப்பா சற்று நேரம் பேசவில்லை. அவர் வேலை செய்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. எங்கள் லயம் நின்ற இடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது.

மாலையில் நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள ஒரு சிறு பூங்காவுக்கு அவரை அழைத்துப் போனேன். அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் நினைவாக அமைத்தது. அடிமையாகப் பிறந்தவர் கார்வர். கறுப்பர் என்பதால் கன்சஸில் ஒரு கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்துவிட்டது. அலைந்து திரிந்து இந்த ஊருக்கு வந்து ஹோட்டலில் சமையல் வேலை செய்தார். இங்கிருந்த மில்ஹாலண்ட் தம்பதி அவரோடு பழகி, மறுபடியும் கல்லூரிக்குப் போகச் சொல்லி வற்புறுத்தினார்கள். 1890-இல் பக்கத்து இண்டியானோலா ஊரின் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு வேளாண்மை படித்து, நிலக்கடலைக்கும் மண்வளத்துக்கும் பெயர் பெற்ற அறிஞரானார். "யாராவது ஒருத்தர் போ போன்னு சொல்லணும்" என்றார் அப்பா. எங்களைப் படிக்கப் போகச் சொன்ன அந்த ஒருத்தர் யார் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

"நீங்கள் எந்த கவுண்டியில் இருக்கிறீர்கள்?"

இரண்டாம் இரவு. சோறும் சார்டின் சம்பாலும். வண்டி வானொலியில் உள்ளூர் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அறிவிப்பாளர் புயல் குறித்து வரிசையாகப் பெயர்கள் வாசித்தார்: அடேர், டல்லஸ், மேடிசன், வாரன். தொழில் புத்தி எங்கே போகும்? நான் கவனித்தது அவருடைய உச்சரிப்பையும் நிறுத்தத்தையும்தான். வின்டர்செட் என்ற பெயர் வரவில்லை, ஆகவே நமக்கில்லை என்று அடுத்த கவளத்தை எடுத்தேன்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து முதியவர். கையில் டார்ச்.

"கேட்டீர்களா? நீங்கள் எந்த கவுண்டியில் இருக்கிறீர்கள் தெரியுமா?"

தெரியாது. நம் ஊர் மாவட்டம் போன்றதுதான் அங்கே கவுண்டி. அமெரிக்காவில் சூறாவளி எச்சரிக்கையைப் பெரும்பாலும் ஊர்ப் பெயரில் சொல்வதில்லை, கவுண்டிப் பெயரில்தான் வாசிக்கிறார்கள். வின்டர்செட் இருப்பது மேடிசன் கவுண்டியில். அதுவே அதன் தலைநகரும்கூட. ஊர்க்காரர்களுக்கு இது பிறவியிலேயே தெரியும். என்னைப் போல் வழியில் தங்குபவனுக்கு?

அவர் இரண்டு சொற்களை விளக்கினார். 'வாட்ச்' என்றால் சூறாவளி உருவாக வாய்ப்பு உண்டு, தயாராக இருங்கள். 'வார்னிங்' என்றால் கண்ணாலோ ரேடாரிலோ பார்த்துவிட்டார்கள், உடனே ஒதுங்குங்கள். இப்போது வந்திருப்பது 'வாட்ச்'. "சங்கு ஊதினால் இந்த வண்டியில் இருக்காதீர்கள். காற்றுக்கு இது அட்டைப்பெட்டி. அந்தக் கழிவறைக் கட்டடத்துக்கு ஓடுங்கள்" என்று டார்ச்சை அடித்துக் காட்டினார். 2022 மார்ச் 5-ஆம் தேதி இதே கவுண்டியில் அடித்த சூறாவளியில் 6 பேர் இறந்ததையும் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

நாற்பது நிமிடம் கழித்துச் சங்கு ஊதியது. அதே நொடியில் மனைவியின் கைப்பேசியும் அலறியது. மகனை நான் தூக்கிக்கொண்டேன். அம்மா செருப்பைத் தேடினார், அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தே விட்டார். ஐம்பது அடி தூரம்தான். மழை பக்கவாட்டில் அறைந்தது. உள்ளே ஏற்கெனவே பன்னிரண்டு பேரும் இரண்டு நாய்களும். எங்களைக் கணக்கெடுத்த முதியவர், "ஐந்து பேர்தானே? சரி" என்றார். யாரோ மகனுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அம்மா உதட்டை அசைத்து முருகனை வேண்டிக்கொண்டிருந்தார்.

சூறாவளி எங்களைத் தொடவில்லை. அரை மணியில் எல்லாம் அடங்கியது. பூங்காவில் கிளைகள் முறிந்து கிடந்தன, எங்கள் வண்டியின் வெளித் திரை கிழிந்திருந்தது. காலையில் முதியவர் கிளைகளை இழுத்து ஒதுக்கும்போது அப்பாவும் போய் மறுமுனையைப் பிடித்தார். பேச மொழியில்லாமலே இருவரும் ஒரு மணி நேரம் வேலை செய்தார்கள். சதுக்கத்துக் கடையில் அவருக்கும் சேர்த்துக் காலைச் சாப்பாடு வாங்கினோம். இரவு வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததில் எனக்கு நிறைவு.

அன்று முதல் டென்வர் வரை, வண்டி நின்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது எந்த கவுண்டி?" மகன் அதைத் தாளில் பெரிதாக எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் ஒட்டுவான்.

நீங்கள் போவதானால்

• மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா வேண்டும், நேர்காணலுக்கு முன்கூட்டியே பதியுங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இணையவழி 'எஸ்டா' அனுமதி போதும்.

• ஆண்டிறுதி விடுமுறை இதற்கு ஏற்றதல்ல. குளிர்காலத்தில் குழாய் உறையும் என்பதால் பல ஊர்ப் பூங்காக்கள் தண்ணீரை நிறுத்திவிடும். மே முதல் செப்டம்பர் வரை நல்லது. அக்டோபர் இரண்டாவது வார இறுதியில் வின்டர்செட்டில் பாலத் திருவிழா, அப்போது இடம் கிடைப்பது கடினம்.

• வெள்ளி, சனி இரவுகளில் உள்ளூர்க் குடும்பங்களே பூங்காவை நிரப்பிவிடும். ஞாயிறு முதல் வியாழனுக்குள் போய்ச் சேருங்கள்.

• புறப்படுமுன் கழிவுநீர்த் தொட்டியை அதற்கென உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள். கையுறை கட்டாயம். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல், சமையல் நீர். அந்த நீரே குழாயைக் கழுவிவிடும்.

• அங்கே அரசு நடத்தும் வானிலை வானொலி 162 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருபத்து நான்கு மணி நேரமும் ஒலிக்கிறது. சாதாரண எஃப்.எம். பெட்டியில் கேட்காது, அதற்கான சிறு கருவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டிப் பெயரைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

• ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அம்மாவின் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.