கார் ஷெட்டில் ஒரு றெக்கை

எங்க வீட்டுல ஒரு கார் ஷெட் இருக்கு. கார்தான் இல்ல. செங்கல்பட்டுல வீடு கட்டினப்போ, பையன் இஞ்சினியர் ஆனா வாங்குவான்னு நம்பி அப்பா போட்ட ஷெட். பையன் மெக்கானிக்கல் படிச்சான், வழக்கம்போல பொட்டி தட்டப் போயிட்டான். ஷெட்டுல பழைய சைக்கிளும் தேங்கா மட்டையும் குடியிருந்தது.

அங்க ஒரு ஏரோப்ளேன் கட்டினா என்னன்னு என் மண்டையில ஏத்தினவர் அசோக் தாமராக்ஷன். ஆலப்புழைக்காரர், இங்கிலாந்துல இஞ்சினியர். கொரோனா சமயத்துல தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கம்பெனியில இருந்து பாகங்களை வரவழைச்சு, வீட்டுத் தோட்டத்து ஷெட்டுல நாலு பேர் உட்காருற விமானத்தோட பெரும்பகுதியை கட்டினார். மகள் பேர்ல 'ஜி-தியா'ன்னு பேர். 2022ல அதுல ஐரோப்பாவைச் சுத்தினார். மும்பை அமோல் யாதவ் கதை வேற மாதிரி. காந்திவலி மொட்டை மாடியில ஆறு பேர் விமானம் கட்டினார். 2011ல பதிவுக்கு விண்ணப்பிச்சவருக்கு 2017லதான் பதிவு கிடைச்சது.

இதெல்லாம் வெளியூர் கதைன்னு நினைச்சா, நம்ம மாவட்டமே ஒண்ணு வெச்சிருக்கு. பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை பறந்து தாண்டினது 1909 ஜூலை. எட்டே மாசத்துல, 1910 மார்ச்சுல, மெட்ராஸ் மவுண்ட் ரோடுல ஹோட்டல் நடத்தின ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தன்னோட சொந்த விமானத்தை பல்லாவரத்துல பறக்கவிட்டுப் பாத்தார். கட்டிக் கொடுத்தது சிம்சன் கம்பெனி, அப்போ குதிரை வண்டி கட்டினவங்க. அப்புறம் தீவுத்திடல்ல டிக்கெட் போட்டு ஜனங்களுக்கும் காட்டினார். பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்த அப்பா, முப்பது வருஷம் தினமும் அந்தப் பல்லாவரம் வழியாத்தான் ரயில்ல போய் வந்தார். சொன்னப்போ, "ஹோட்டல்காரனாடா?"ன்னு மட்டும் கேட்டார்.

முழு விமானம்னா கோடிக்கணக்குல ஆகும். என் சம்பளத்துக்கு ஒரு சக்கரம் வரலாம். அதனால மூணடி நீளத்துக்கு ஒரு றெக்கைத் துண்டு மட்டும் செய்யறதுன்னு முடிவு பண்ணேன். உள்ளே நாலு விலா, ஒரு முதுகுச் சட்டம், மேல அலுமினியத் தகடு. நிஜ றெக்கையில இருக்குறது எல்லாம் அதுலயும் இருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு லேசான பக்கவாதம். வலது கையில பழைய பலம் திரும்பல. டாக்டர் "கைக்கு வேலை குடுங்க"ன்னார். பந்தை அமுக்கச் சொன்னா அப்பா அமுக்கவே மாட்டார். "நான் என்ன கொழந்தையா?"ம்பார். டிவி முன்னாடியே உக்காந்திருப்பார்.

நான் ஷெட்டுல ரிவெட் அடிக்க ஆரம்பிச்ச மூணாவது நாள், சத்தம் தாங்காம எழுந்து வந்தார்.

ரிவெட் பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லாத சமாச்சாரம். ஓட்டையில சொருகி, ஒரு பக்கம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால தட்ட, மறுபக்கம் ஒருத்தர் இரும்புக் கட்டியை அணைச்சுப் பிடிக்கணும். வால் நசுங்கி இன்னொரு தலை ஆகும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுன்னா அந்தத் தலை 4.8 அகலம், 1.6 உயரம் இருக்கணும். ரெண்டு பேர் உட்காருற குட்டி விமானத்துலயே இந்த மாதிரி பத்தாயிரத்துக்கும் மேல வரும்.

அப்பா அளவுகோல் கேட்கல. இடது கை கட்டைவிரலால என் ரிவெட்டுங்களைத் தடவிட்டே போனார். முப்பத்தாறுல பதினொண்ணுக்கு சாக்பீஸ்ல வட்டம் போட்டார்.

"நல்லாத்தானேப்பா இருக்கு?"

"இதுல நீ ஏறுவியா?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. என் ஆபீஸ்ல தப்பு இருந்தா அடுத்த வெள்ளிக்கிழமை சரி பண்ணி அனுப்புவோம். அதுக்குள்ள யாரும் கீழ விழ மாட்டாங்க. காலேஜ் ஒர்க்ஷாப்புல ஃபிட்டிங் மாடலைக்கூட சீனியர்கிட்ட வாங்கிக் காட்டின ஆளு நான். பதினொண்ணையும் துளை போட்டு எடுத்தேன். எடுக்கும்போது நாலு ஓட்டை பெருசாகி, அந்தத் தகடே வீணாச்சு. வேற தகடு வாங்கிட்டு வந்தோம்.

அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் நான் தட்டுவேன், அப்பா கட்டி பிடிப்பார். முதல்ல இடது கையில. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா வலது கையும் கூட வந்து ஒட்டிக்கிட்டிருந்தது. நான் கவனிச்சதை காட்டிக்கல. சொன்னா எடுத்துடுவார்.

முடிச்சதும் ஃப்ரெண்டோட ஆம்னியில ஏத்தி, திருக்கழுக்குன்றம் வழியா மகாபலிபுரம் போனோம். பறக்கவிட இல்லைங்க. பக்கத்துல கல்பாக்கம், அங்க வானத்துல எதுவும் பறக்கக்கூடாது. கடல் காத்துல பிடிச்சுப் பாக்கத்தான்.

கடற்கரைக் கோயிலுக்குத் தெக்கால, கட்டுமரம் கிடக்குற இடம். மத்தியானக் காத்து 25 கிலோமீட்டர் வேகம் இருக்கும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சோம். முன் விளிம்பை லேசா தூக்கினதும் கை சட்டுனு இலேசாச்சு. மூணு கிலோ றெக்கையில ஒரு கிலோவை யாரோ மேலேர்ந்து பிடிச்சுக்கிட்ட மாதிரி. தூக்கு விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 100 கிலோமீட்டர் வேகம்னா இது பதினாறு மடங்குன்னு அப்பாவுக்கு விளக்கினேன்.

அவர் கேட்கவே இல்ல. இதுவரைக்கும் விமானத்துல ஏறாத மனுஷன், கண்ணை மூடிக்கிட்டு முனையை ஏத்தி இறக்கி பாத்துக்கிட்டிருந்தார், ரெண்டு கையாலயும். வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு பெரியவர், "இன்னா சார் அது?"ன்னார்.

"றெக்கை"ன்னார் அப்பா. கொஞ்ச நேரம் கழிச்சு என் பக்கம் திரும்பி, "இன்னொரு பக்கத்துக்கு யாரு செய்யறது?"

தகடு வாங்கியாச்சு.

கொசுறு: அம்மா இன்னமும் கேக்கறது ஒண்ணுதான், "கார் எப்படா வாங்குவே?" வாங்கினா நிறுத்த இடம் இல்லம்மா :-)