நாளுக்கு இருபது

மனித உறுப்புகளுள் கையைப்போல் நம் மொழியில் ஆழமாக வேரூன்றிய உறுப்பு வேறொன்று உண்டா என்பது ஐயமே. கைகொடுத்தல், கைவிடுதல், கைம்மாறு, கைவினை, கைத்திறன் எனக் கையை முதலாகக்கொண்ட சொற்கள் எண்ணிறந்தவை. தலைவனை இழந்தோர் செயலற்று நிற்கும் நிலைக்குக் 'கையறுநிலை' என்று பெயரிட்டனர் நம் முன்னோர். துயரத்தின் எல்லையைக் கையின் செயலின்மையால் அளந்த அச்சொல்லின் முழுப்பொருளை எனக்குக் கற்பித்தவை நூல்கள் அல்ல. என் விரல் மூட்டுகளே.

தறி ஒலித்த வீடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் அருகில் அமைந்தது எங்கள் சுந்தரபாண்டியம். வேளாண்மையும் கைத்தறியும் ஊரின் இரு கண்கள். நான் பிறந்த வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி ஒன்று இருந்தது. தந்தையார் குழிக்குள் கால்களை இறக்கி மிதிபலகையை மிதிப்பார். நாடா இடமும் வலமும் ஓடும். அன்னையார் திண்ணையில் அமர்ந்து தார் சுற்றுவார். பாவு இழை அறுந்தால் தந்தையார் தறியை நிறுத்துவார். ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே அந்த ஓர் இழையைத் தேடியெடுத்துப் பிணைப்பார். பிறகே அடுத்த ஊடையை ஓட்டுவார். அவர் சலித்துக்கொண்டு நான் கண்டதில்லை.

நான் தறியில் அமரவில்லை. கட்டட வரைகலை பயின்று, இராசபாளையத்தில் கட்டட வரைபடங்கள் வரையும் பணியில் சேர்ந்தேன். ஆயினும் தந்தையாரின் கை என்னிடம் வந்து சேர்ந்ததாகவே எண்ணினேன். மெல்லிய கோடு ஒன்றை நடுங்காமல் இழுத்துமுடிக்கும்போது நாடா ஓடும் ஒலி என் செவியில் கேட்கும்.

விரல்கள் மறுத்த காலை

எனக்கு 44 அகவை நடந்தபோது, காலையில் எழுந்தால் விரல்களை மடக்க இயலாத நிலை ஏற்பட்டது. முடக்குவாதம் என்றார் மருத்துவர். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல், மூட்டுகளின் உட்புறச் சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவதே இந்நோய். வீக்கமும் வலியும் தோன்றும். காலை வேளையில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். மருந்துகள் நோயின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், முற்றாகத் துடைத்துவிடா.

சட்டைப் பொத்தானை மனைவி மாட்டிவிட்டார். தண்ணீர்ப் புட்டியின் மூடியைப் பக்கத்து வீட்டுச் சிறுவன் திறந்து கொடுத்தான். வரைபலகையிடம் விடைபெற்று, கணக்கெழுதும் பணிக்கு மாறினேன். எல்லோரும் அன்போடு உதவினர். அந்த அன்பே சில நாள்களில் சுமையாயிற்று. நான் தொடங்கும் ஒவ்வொரு செயலையும் வேறொரு கை முந்திக்கொண்டு முடித்துவைத்தது. ஒரு செயலைத் தொடக்கம்முதல் இறுதிவரை நானே செய்து முடிக்கும் வாய்ப்பு என் வாழ்விலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. வலியைவிட அந்த நழுவலே என்னை வாட்டியது.

பெட்டிக்குள் ஒரு மாளிகை

பெங்களூரில் பணிபுரியும் என் மகள் ஒரு விடுமுறைக்குப் பெரிய பெட்டி ஒன்றுடன் வந்தாள். லெகோ நிறுவனத்தின் தாஜ்மகால் கட்டுமானத் தொகுப்பு அது. 2008ஆம் ஆண்டு முதன்முதலில் வெளிவந்தபோது 5,922 துண்டுகளைக் கொண்டிருந்த அத்தொகுப்பு, 2017இல் 5,923 துண்டுகளுடன் மீண்டும் வெளியிடப்பட்டது. "நீங்கள் வரைந்த கட்டடங்களை எல்லாம் பிறர்தானே கட்டினார்கள் அப்பா? இதை நீங்களே கட்டுங்கள்" என்றாள்.

விளையாட்டுப் பொருள்தானே என்று அதனை எளிதாகக் கருதிவிட இயலாது. இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் இணைக்கும் விளையாட்டுக் கருவிக்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் 'மெக்கானோ' எனப் புகழ்பெற்றது. டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் 1932இல் தொடங்கிய தொழிற்கூடமே லெகோவாக வளர்ந்தது. 'நன்றாக விளையாடு' என்னும் பொருள்தரும் டேனிய மொழித் தொடரிலிருந்து பிறந்தது அப்பெயர்.

மேலே குமிழ்களும் அடியில் குழல்களும் கொண்ட இன்றைய கல்லுக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. ஒரு கல்லின் குமிழ்கள் மற்றொன்றின் அடிப்பகுதியில் இறுக்கமாக நுழையும்போது, நெகிழி மிக நுண்ணிய அளவில் வளைந்து கொடுத்துப் பற்றிக்கொள்கிறது. பசையும் ஆணியும் தேவையில்லை. கழற்றினால் பழைய வடிவம் மீளும். 1958இல் செய்த கல்லும் இன்று செய்யப்படும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்தும். எட்டுக் குமிழ்களுடைய ஒரே நிறக் கற்கள் ஆறனை 91 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம் என்று கணிதவியலார் கணக்கிட்டுள்ளனர். அந்த இறுக்கமான பிடிப்புத்தான் கட்டுமானத்தின் வலிமை. என் விரல்களுக்கோ அதுவே பெருந்தடை.

முறையை வகுத்தல்

முதல் நாள் ஒன்பது கற்களைப் பொருத்துவதற்குள் கட்டைவிரலின் அடிமூட்டு கனன்றது. இயன்முறை மருத்துவரிடம் கேட்டேன். "சிறிய மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுங்கள். வலி வந்தபின் ஓய்வெடுக்காதீர்கள், வலி வருவதற்கு முன்பே ஓய்வெடுங்கள்" என்றார். அவ்விரு தொடர்களே என் கட்டட விதிகளாயின.

விரல் நுனியால் அழுத்துவதைக் கைவிட்டேன். கல்லை அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், தோளின் வலிமையைக்கொண்டு அழுத்தினேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய துண்டுகளை எடுக்க, பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய இடுக்கி ஒன்றைப் பயன்படுத்தினேன். மணிக்கட்டைத் தாங்கிய பட்டைக்கு அடியில் மருத்துவத் துணி சுற்றியிருந்தது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் அத்தகைய துணிகள் பெருமளவில் நெய்யப்படுகின்றன. முகமறியாத ஒரு நெசவாளரின் கை என் கையைத் தாங்குவதாக எண்ணிக்கொள்வேன். தவறிப் பொருந்திய கற்களைப் பிரிப்பதற்கு நெம்புகோல் தத்துவத்தில் இயங்கும் சிறு கருவி ஒன்று இருந்தது.

கற்களை வகைபிரிப்பதற்கே மூன்று வாரங்கள் ஆயின. அன்னையாரின் சுளகில் கொட்டிப் பரப்பி, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கிய வெற்று டப்பாக்களில் வகைவாரியாக நிரப்பினேன். பள்ளி விடுமுறையில் வந்த பேத்தி ஒவ்வொரு டப்பாவின்மீதும் உள்ளிருக்கும் கல்லின் படத்தை வரைந்து ஒட்டினாள். "கண்டுபிடிப்பது என் வேலை, பொருத்துவது உங்கள் வேலை தாத்தா" என்று அவளே எல்லை வகுத்தாள். உதவிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அச்சிறுமி இயல்பாக அறிந்திருந்தாள். நான் ஒரு கல்லோடு போராடும்போது அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். எனக்குக் கிடைத்த உதவிகளுள் மிகப் பெரியது அதுவே.

நாளுக்கு இருபது கற்கள் என்பது திட்டம். காலை விறைப்பு தணிந்தபின், வெந்நீரில் கைகளை நனைத்துக்கொண்டு பத்து, மாலையில் பத்து. வலி மிகுந்த நாள்களில் ஐந்தோடு நிறுத்துவேன். நலமான நாள்களிலும் இருபதைத் தாண்டமாட்டேன். இன்று மிகையாகச் செய்தால் நாளையின் பங்கையும் இன்றே செலவிட்டதாகும். 5,923ஐ இருபதால் வகுத்தால் ஏறத்தாழ முந்நூறு நாள்கள். அவ்வெண் முதலில் மலைப்பைத் தந்தது. பிறகு ஆறுதலைத் தந்தது. எவ்வளவு மெதுவாகச் சென்றாலும் அது எண்ணி முடிக்கத்தக்க தொலைவு.

ஒன்றுபோல் ஒன்று

தொகுப்புடன் வந்த கையேட்டில் சொற்கள் இல்லை, படங்களே இருந்தன. ஒவ்வொரு படியிலும் தேவைப்படும் கற்களும் அவை அமரவேண்டிய இடமும் வரையப்பட்டிருந்தன. வரைபடங்களைப் படித்தே வாழ்ந்தவனுக்கு அது தாய்மொழியைக் கேட்பதுபோல் இருந்தது.

கடினம் வேறிடத்தில் இருந்தது. தாஜ்மகாலின் அழகு அதன் சமச்சீரில் உள்ளது. நான்கு பக்கங்களிலும் ஒரே வளைவுகள். நான்கு மூலைகளிலும் ஒரே கோபுரங்கள். ஆகவே கட்டுபவர் செய்ததையே மீண்டும் செய்ய வேண்டும். ஒரு சாளரத்தை முடித்தால் அதேபோன்ற அடுத்த சாளரம் காத்திருக்கும். வெண்ணிறக் கற்களின் குவியலில் கண்ணும் களைக்கும். அப்போதெல்லாம் தந்தையாரின் சேலைக் கரை நினைவுக்கு வரும். ஒரே பூவைக் கரை நெடுகிலும் அவர் மாற்றமின்றி நெய்துவந்தார். திரும்பச் செய்தலைச் சலிப்பாகக் காண்பதும் தாளமாகக் காண்பதும் செய்பவரின் மனத்தைப் பொறுத்தது.

உண்மையான தாஜ்மகாலின் கட்டுமானம் 1632ஆம் ஆண்டளவில் தொடங்கியது. வளாகம் முழுமைபெற ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அங்கே ஒவ்வொரு பளிங்குக்கல்லையும் தன் இடத்தில் அமர்த்திய கைகளின் பெயர்களுள் பெரும்பாலானவை நமக்குக் கிட்டவில்லை. எங்கள் திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தைத் தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் நாள்தோறும் காண்கிறோம். அதன் கற்களைச் சுமந்த தோள்களை எவர் அறிவார்? பெருங்கட்டடங்கள் யாவும் பெயரற்ற கைகளின் பொறுமையால் எழுந்தவை என்பதை, நெகிழிக் கற்களை அடுக்கிய அந்நாள்களில் என் மூட்டுகள் வழியாக உணர்ந்தேன்.

தடையைக் கடந்த பிற கைகள்

என்னினும் அரிய தடைகளைக் கடந்தவர்கள் உளர். அமெரிக்காவைச் சேர்ந்த மாத்யூ ஷிஃப்ரின் பார்வையற்றவர். படங்களாலான கையேடு அவருக்குப் பயன்படவில்லை. அவருடைய தோழி லில்யா ஃபிங்கல், ஒவ்வொரு படியையும் சொற்களாக மாற்றிப் புள்ளியெழுத்தில் தந்தார். தொட்டறிந்தே அவர் பெருந்தொகுப்புகளைக் கட்டினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, 2019இல் லெகோ நிறுவனமே ஒலிவடிவிலும் புள்ளியெழுத்திலும் கட்டுமானக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது.

அந்தோரா நாட்டின் டேவிட் அகிலார் வலது முன்கை முழுமையாக வளராமல் பிறந்தவர். ஒன்பதாம் அகவையிலேயே லெகோ கற்களால் தமக்கு ஒரு செயற்கைக் கையை உருவாக்க முயன்றார். பதினெட்டாம் அகவையில் இயங்கத்தக்க கையொன்றை அமைத்தார். எந்த உறுப்பு இல்லையோ அதனையே விளையாட்டுக் கற்களால் படைத்துக்கொண்டார். இவ்விருவரும் தம் உடலைக் கருவிக்கேற்ப வருத்தவில்லை. கருவியைத் தம் உடலுக்கேற்ப வளைத்தனர். விடாமுயற்சி என்பது பல்லைக் கடித்து வலியைப் பொறுப்பது மட்டுமன்று. வழியை மாற்றிப் பார்க்கும் அறிவும் அதனுள் அடங்கும்.

குவிமாடத்தின் உச்சி

நோய் முற்றிப் படுக்கையில் கழிந்த வாரங்களும் சேர, என் மாளிகை முடியப் பதினான்கு மாதங்கள் ஆயின. உயரம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஒரு முழத்துக்குச் சற்று மிகுதி. குவிமாடத்தின் உச்சிக் கலசத்தைப் பொருத்திய மாலையில் வீட்டில் அன்னையார் மட்டுமே இருந்தார். எண்பதைக் கடந்த அவர், பார்வை மங்கிய கண்களை இடுக்கி, மாளிகையின் வளைவுகளைத் தம் விரல்களால் தடவிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தார் சுற்றிக் காய்த்த விரல்கள் அவை. பின் என் கையைப் பற்றி, "பாவு அறுத்தாச்சாய்யா?" என்றார்.

நெய்து முடித்த துணியைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கும் நாள், நெசவாளர் வீட்டில் நிறைவின் நாள். தந்தையாரிடம் அவர் எத்தனையோ முறை கேட்டிருந்த வினா, முதன்முறையாக என்னிடம் கேட்கப்பட்டது. "ஆச்சும்மா" என்றேன்.

மறுநாள் காலையும் விரல்கள் விறைத்தே இருந்தன. கட்டுமானம் நோயைத் தீர்க்கும் மருந்தன்று. பொத்தானை இன்றும் மனைவியே மாட்டிவிடுகிறார். ஆனால் அவர் கைக்கு என் கழுத்தை நீட்டும்போது முன்பிருந்த கூச்சம் இப்போது இல்லை. செய்ய இயலாதவற்றைப் பிறரிடம் ஒப்படைக்கவும், செய்ய இயல்வதை எவரிடமும் விட்டுக்கொடாதிருக்கவும் அந்தப் பதினான்கு மாதங்கள் பழக்கியிருந்தன.

கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி, மாளிகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதைப் பிரித்துத் தானும் ஒருமுறை கட்டலாமா என்று தயங்கியபடியே கேட்டாள். பிரித்தாலும் சிதையாமல், மீண்டும் கட்டத் தகுந்ததாய் இருப்பதே அக்கற்களின் சிறப்பு. பால்கோவா டப்பாக்களைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். இம்முறை அவள் பொருத்துவாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.