ஏற்றத்தில் மட்டும் வரும் நோய்

பதுளையில் பழைய கார் வைத்திருப்பவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். டவுனுக்குள் ஓடுகிறது, ஹாலிஎல வரை ஓடுகிறது, தெமோதரை தாண்டி ஏற்றம் பிடித்ததும் இழுவை விழுந்துவிடுகிறது. இரண்டாம் கியருக்கு வந்தாலும் திணறுகிறது. ஓரமாக நிறுத்தி, சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது போல ஏறிப்போகிறது. கராஜில் கொண்டுபோய் விட்டால் அங்கேயும் சமர்த்தாக ஓடிக்காட்டுகிறது.

இப்படி ஒளிந்து விளையாடும் கோளாறுகள் மீது எனக்குத் தீராத ஆர்வம். முற்றாக நின்றுபோன எஞ்சினில் எது செத்துக் கிடக்கிறது என்று தேடினால் போதும். அரைகுறையாக ஓடும் எஞ்சின்தான் ஆளைச் சோதிக்கும்.

மலைநாட்டில் இதற்குக் கைவசம் ஒரு பதில் உண்டு: உயரம். பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர், பண்டாரவளை 1,230, அப்புத்தளை 1,430. அப்புத்தளைக் காற்று கடலோரக் காற்றைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. காற்று குறைந்தால் கலவையில் பெற்றோல் மிஞ்சும், பிளக்கில் கரி படியும், வலு குறையும். எல்லாம் உண்மை. எடுத்துக்காட்டாக, மொரிஸ் மைனர் காரின் 948 சீசீ எஞ்சின் 1956இல் புத்தம் புதிதாக வந்தபோதே 37 குதிரைவலுதான். அதிலும் எட்டில் ஒரு பங்கை மலை எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? ஆனால் உயரம்தான் காரணமென்றால், ஓரமாக நிறுத்தியதும் எப்படிக் குணமாகிறது? அதே உயரத்தில்தானே கார் நிற்கிறது? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எத்தனை காபரேட்டர்கள் கழற்றப்பட்டிருக்கின்றன!

சாமான் கிடைக்காத ஊராக இருந்தால் யோசிக்க வேண்டிய கட்டாயமாவது வந்திருக்கும். மொரிஸ் மைனருக்கு இலங்கையில் அந்தக் குறையும் இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் இந்தக் காருக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களில் நம்முடைய காலியிலேயே அதற்கு உதிரிப்பாகங்கள் செய்விக்கத் தொடங்கினார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் மதிப்பு இன்னும் ஏறியது. அவற்றை எப்படியாவது ஓடவைக்கும் ஆசையும் ஏறியது. பிளக் மாற்று, பொயிண்ட் மாற்று, கண்டன்சர் மாற்று, கொயில் மாற்று. ஒவ்வொன்றும் மாற்றிய அன்று கார் நன்றாக ஓடும். மறுபடி ஏற்றம் வரும்.

என் சித்தப்பா ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மைனருக்கும் இதே வியாதி வந்தது. கராஜ்கள் ஏறி இறங்கிய பிறகு, அதே தோட்டத்து ஸ்டோரில் எஞ்சின் பார்த்த பெரியவர் ஒருவரிடம் போனோம். வயது எண்பதை நெருங்கியிருக்கும். பொனட்டைத் திறக்கச் சொல்வார் என்று நின்றால், திண்ணையில் உட்காரச் சொன்னார்.

"எப்ப இருந்துங்க இப்படி?"

"பெற்றோல் கியூ காலத்துக்குப் பிறகுதாண்ணே."

"ஏறுனதுமே விழுதுங்களா, கொஞ்ச தூரம் போய் விழுதுங்களா?"

"கொஞ்ச தூரம் இழுக்குது. பிறகுதான்."

"நின்னு கிளம்பினா?"

"சரியாயிடுது."

பிறகுதான் எழுந்தார். பசறை ரோட்டில் ஏற்றமான இடத்துக்குப் போகச் சொன்னார். மூன்றாம் கியரில் எக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி சித்தப்பா ஓட்டினார். கார் தொய்யத் தொடங்கிய அந்த நொடியில், "இப்ப நிறுத்துங்க!" என்றார். கிளச்சை அழுத்தி, சாவியைத் திருப்பி, கார் நின்றதும் கல்லை அண்டைகொடுத்தோம். அங்கேயே, சூட்டோடு சூடாக, நான்கு பிளக்கையும் கழற்றிச் சேலைத் துணி ஒன்றின் மேல் வரிசையாக வைத்தார். வீட்டு வாசல்வரை ஓட்டிவந்து கழற்றியிருந்தால் மெதுவாக ஓடிய கடைசி நிமிடத்தின் கரி மேலே படிந்திருக்கும். வியாதி வந்த கணத்தின் நிறம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நான்கின் பீங்கானும் வெளுத்திருந்தது.

"உயரம்னா கருத்திருக்கணுங்க. இது பட்டினி" என்றார்.

அடுத்து சாவியை மட்டும் போடச் சொல்லிக் காது கொடுத்தார். மைனரின் எஸ்.யு. பெற்றோல் பம்ப் முன்னால், எஞ்சின் அறைக்குள் இருக்கிறது, டாங்கி பின்னால். பம்ப் பெற்றோலை உறிஞ்சும் சத்தம் டிக் டிக்கென்று கேட்கும். டாங்கி வற்றிக் காற்று வந்தால் படபடவென அடிக்கும். உறிஞ்சும் பக்கம் அடைபட்டிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். அன்று கேட்டது அந்த இடைவெளிதான். டாங்கி மூடியைத் திறக்கச் சொன்னார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. உடனே பம்ப் கடகடவென அடித்து, காபரேட்டரை நிரப்பிவிட்டு ஓய்ந்தது.

2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வரிசை வரிசையாக நின்று பிடித்த பெற்றோலை இரவில் டியூப் போட்டு உறிஞ்சிவிடுவார்கள் என்ற பயத்தில் சித்தப்பா பூட்டு மூடி ஒன்று போட்டிருந்தார். பழைய மூடியில் காற்று போக வழி இருந்தது, இதில் இல்லை. பெற்றோல் வெளியே போகப் போக டாங்கிக்குள் வெற்றிடம் கூடியது. ஏற்றத்தில் முன்பக்கம் உயர்ந்துவிடுவதால் பம்ப் பெற்றோலை இன்னும் ஒரு சாண் அதிகம் தூக்க வேண்டும். எஞ்சினும் அதிகம் கேட்கும். அங்கேதான் தோற்றது. காரை நிறுத்தினால் மூடியின் ஓரத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், வியாதியும் போய்விடும். மெல்லிய துளை ஒன்று போட்டதோடு காரியம் முடிந்தது.

நாட்டின் நெருக்கடி ஒன்று ஒரு காரின் மூடியில் வந்து உட்கார்ந்திருந்ததை எந்த கராஜும் பார்த்திருக்க முடியாது. "எப்ப இருந்து?" என்று கேட்டவருக்குத்தான் அது தெரிந்தது. இன்றைய கார்களில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் இலக்கம் வந்துவிடும். பெற்றோல் போதவில்லை என்று அது சொல்லும். ஏன் போதவில்லை என்பதை இன்னமும் ஒரு மனிதர்தான் கேட்டறிய வேண்டும்.

அந்தத் திண்ணையை நினைக்கும்போதெல்லாம், ஏற்றத்தில் தளர்ந்த மனிதர்களைத் தேடி என் மனம் 1916க்குப் போகிறது. அந்த ஆண்டில்தான் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரக் குழு மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர்களான நம் முன்னோர் மலையேறும்போது மூச்சு வாங்கினார்கள், வெளுத்துப்போயிருந்தார்கள், கூடையோடு நடுவழியில் உட்கார்ந்தார்கள். சோம்பேறி என்று துரைமார் பெயர் வைத்தார்கள். உண்மையில், வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறிய புழு குடலில் இருந்து அவர்களின் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, ஆள் தேறினார். மறுபடி அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார், மறுபடி புழு ஏறியது. லயங்களில் ஒழுங்கான மலசலகூடம் இல்லாதவரை, செலவழிக்கத் தோட்டங்கள் தயங்கியவரை, மருந்து மட்டும் என்ன செய்யும்? களைப்பு தெரிந்த இடம் உடம்பு. அதன் வேர் இருந்த இடம் லயத்தின் கொல்லைப்புறம்.

இன்றும் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் களைப்பு என்று டிஸ்பென்சரிக்கு வந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். கூடவே அவளை உட்காரவைத்து, எத்தனை மணிக்கு எழும்புகிறாய், மலைக்குப் போகுமுன் என்ன சாப்பிட்டாய், எந்த ஏற்றத்தில் கால் தளர்கிறது, எப்போதிருந்து என்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் ஒரு காருக்காகச் செலவழித்த பொறுமையை அவளுக்காகச் செலவழிக்க ஓர் ஆள் வேண்டும். கேட்டுவிட்டால் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ள மனம் வராது. லயத்துக்கும் சம்பளச் சீட்டுக்கும் போய்த்தான் ஆகவேண்டும்.