உம்மா இறங்காத கடல்

ஜோர்தான் என்றதும் உங்களுக்கு யாருடைய நினைவு வரும்? ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் நம் ஊர்களிலிருந்து போன பெண்களின் நினைவுதான் வரும். எங்கள் வீட்டிலோ அது நானாவின் ஊர். அம்மானுக்குப் பக்கத்தில் ஸஹாப் என்ற இடத்திலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. உம்மாவும் நானும் அவரிடம் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை எல்லோருமாகப் பாலைவனப் பள்ளத்தாக்கையும் சாக்கடலையும் பார்த்து வந்தோம். அந்த ஒரு நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

ஸுப்ஹு தொழுத கையோடு மதினி முட்டை ரொட்டியும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கட்டினார். பிறகு மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தாங்கியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அம்மானில் வீட்டுக் குழாய்க்குக் கிழமைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருமாம். அன்று பிடித்துச் சேர்ப்பதை வைத்துத்தான் மற்ற நாட்களில் சமையல், உளூ, உடுப்புக் கழுவுதல் எல்லாம். வாசலில் கிணற்றை வைத்துக்கொண்டு வாளி வாளியாக அள்ளி ஊற்றும் நமக்கு இது எங்கே விளங்கப்போகிறது!

அம்மான் மலை மேல் இருக்கும் நகரம். அங்கிருந்து பாதை இறங்கிக்கொண்டே போகிறது. 'கடல் மட்டம்' என்று எழுதிய பலகையைத் தாண்டிய பிறகும் வாகனம் இறங்குவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் காது அடைக்கிறது என்று அழுதார்கள். கடல் மட்டத்துக்கு 430 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது சாக்கடலின் நீர்மட்டம். பூமியில் தரை இதைவிடத் தாழ்ந்த இடம் வேறு கிடையாது.

கரையோரமாகத் தெற்கே போனால் வாதி மூஜிப் வரும். வாதி என்றால் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மலையைப் பிளந்துகொண்டு வந்து சாக்கடலில் விழும் ஆறு இது. அதன் ஒடுங்கிய வழியை ஸீக் என்கிறார்கள். ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஸீக்குக்குள் 18 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள். குளிர்காலத்தில் வழியையே மூடிவிடுவார்கள். ஆகவே பிள்ளைகளோடு போகும் குடும்பம் இரண்டாகப் பிரியத்தான் வேண்டும். மதினி முன்பே பார்த்தவர் என்பதால் உம்மாவோடும் பிள்ளைகளோடும் வாசலில் தங்கிவிட்டார். நானாவும் நானும் உள்ளே போனோம்.

அபாயாவோடு இதில் நடக்க முடியாது, சகோதரிகளே. முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான மேற்சட்டை, காற்சட்டை, இறுக்கிக் கட்டிய பர்தா, நனைந்தால் பரவாயில்லை என்ற பழைய சப்பாத்து, இவ்வளவும் போதும். உயிர்காப்பு அங்கியை அவர்களே தருகிறார்கள். முதலில் கணுக்கால் அளவு தண்ணீர், பிறகு இடுப்பளவு. இரு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாக வரி வரியாய் மணற்கல் சுவர்கள், மேலே ஒரு கீற்று வானம். ஆற்றை எதிர்த்து, கயிற்றைப் பிடித்துப் பாறைகளில் ஏறிப் போனால் கடைசியில் ஒரு நீர்வீழ்ச்சி வழியை அடைக்கிறது. திரும்பும்போது அங்கியை நம்பி மல்லாந்து படுத்தேன். ஆறே என்னைச் சுமந்துகொண்டு வந்தது. ஸுப்ஹானல்லாஹ், அந்தச் சில நிமிடங்களை மறக்கமாட்டேன்.

ஆனால் அந்தச் சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது ஒன்று உறைத்தது. தண்ணீர் ஏறினால் ஒதுங்க இடமில்லை. தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கலாம். தூரத்து மேட்டு நிலத்தில் மழை கொட்டியிருக்கலாம். காய்ந்த நிலம் அதை உறிஞ்சாமல் அப்படியே பள்ளத்துக்குள் தள்ளிவிடும். 2018 ஒக்டோபரில் சாக்கடல் பக்கம் சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் இப்படிப்பட்ட வெள்ளத்தில்தான் அகப்பட்டார்கள். 21 பேர் மௌத்தானார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். காவலர் 'இன்று மூடியிருக்கிறது' என்றால் வாதாடாதீர்கள். எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு செலவழித்தோம் என்றெல்லாம் கணக்குப் பார்க்காதீர்கள்.

பிறகு கடல். கடல் என்பது பெயருக்குத்தான், உண்மையில் இது ஓர் ஏரி. சாதாரணக் கடலைவிடப் பத்து மடங்குக்குக் கிட்டிய உப்பு. மீனில்லை, பாசியில்லை. அரபியில் இதற்கு லூத் கடல் என்றும் ஒரு பெயருண்டு. அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்தே உம்மா பேசவில்லை. "அழிக்கப்பட்ட கூட்டத்தின் ஊர். நான் இறங்கமாட்டேன். நீங்கள் இறங்குவதைத் தடுக்கவுமாட்டேன்" என்றார்.

குர்ஆன் இந்த ஏரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. லூத் (அலை) அவர்களின் ஊர் இந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே பலருடைய கருத்து. பாதையோரத்துக் கற்றூண் ஒன்றைக் காட்டி, உப்புத் தூணாகிப்போன லூத் நபியின் மனைவி இவள்தான் என்று சாரதிகள் சொல்வார்கள். அந்தத் தூண் கதை பைபிளில் உள்ளது. குர்ஆனோ அவள் பின்தங்கி அழிந்தவர்களில் ஒருத்தியானாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஸமூது கூட்டத்தின் ஹிஜ்ரைக் கடக்கும்போது நபி (ஸல்) அவர்கள் அழுதவர்களாகவே அன்றி நுழையவேண்டாம் என்று தோழர்களை எச்சரித்து, விரைந்து கடந்ததை நாம் ஹதீஸில் படித்திருக்கிறோம். உம்மாவின் மனதில் இருந்தது அதுதான். நானாவோ இந்த நீரில் குளிப்பதற்குத் தடையில்லை என்றார். நான் இறங்கினேன். ஆனால் ஆற்றில் வந்த சிரிப்பு எனக்கு அங்கே வரவில்லை.

இறங்குவதானால் மல்லாந்தே படுங்கள். குப்புற விழுந்தால் நிமிர்வது கடினம். கீறல் காயம் இருந்தால் உயிர் போகும். கண்ணில் ஒரு துளி பட்டாலே பிள்ளைகள் துடித்துவிடுவார்கள். நன்னீர்க் குழாய் இல்லாத கரையில் இறங்கவே வேண்டாம்.

நானா காட்டிய பிறகுதான் கரையைக் கவனித்தேன். படிக்கட்டுப்போல வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற அடையாளங்கள். ஆண்டுக்கு ஒரு மீற்றர் அளவில் ஏரி வற்றிக்கொண்டு போகிறது. நீர் விலகிய கரைகளில் நிலம் திடீரென்று உள்வாங்கிக் குழிகள் விழுகின்றன. இதற்கு உணவான ஜோர்தான் ஆற்றை இஸ்ரேலும் ஜோர்தானும் சிரியாவும் மேலேயே மறித்து எடுத்துக்கொள்கின்றன. உப்பும் பொட்டாசியமும் எடுப்பதற்காக ஏரி நீரையே காயவிடும் தொழிற்சாலைகள் இரு கரைகளிலும் உள்ளன. நான் மிதந்து வந்த மூஜிப் ஆற்றுக்கும் மேலே ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். அதன் நீரில் ஒரு பங்கு சுத்திகரிக்கப்பட்டு மலையேறி அம்மானுக்குப் போகிறது.

"அப்படியென்றால் எங்கள் தாங்கியில் இருப்பதும் இதுதானா?" என்று மதினி கேட்டார். நானா தலையாட்டினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அஸருக்குப் போத்தல் தண்ணீரில் உளூச் செய்தோம். உம்மா அரைப் போத்தலோடு முடித்துவிட்டு மீதியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கரையில் எவ்வளவு கழுவியும் பிள்ளைகளின் தலைமுடியில் உப்புப் பிசுபிசுப்புப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மதினி தாங்கியைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு வாளி என்று அளந்தார். உம்மா தன் வாளியைச் சின்னவனுக்குக் கொடுத்துவிட்டார். அவர்தான் கடலில் இறங்கவில்லையே.