இரண்டாவது மாத்திரை

டைப் 2 நீரிழிவுக்கு முதல் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய குழப்பம் இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் எழுதுவது மெட்ஃபார்மின்தான். அது மட்டும் போதாமல் போகும்போதுதான் சிக்கல். இரண்டாவதாக எதைச் சேர்ப்பது? பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் 19 வருடங்களாகத் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் 47 வயதுத் தமிழ்ப் பெண்மணிக்கு இதற்கு விடை கிடைக்க ஏழு மாதங்கள் பிடித்தன.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். காலை ஏழரைக்கு இரண்டு இட்லி, இல்லாவிட்டால் பழைய சோறு. ஒன்பது மணிக்கு லைனில் உட்கார்ந்தால் சாப்பாடு ஒரு மணிக்கு. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரையும் ஆகும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். பாத்ரூமுக்கு எழுந்து போனால் அந்த நிமிடங்களை விரல்கள்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் ஆரம்பித்தது மெட்ஃபார்மின். கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிவிடுவதை மட்டுப்படுத்தும் இந்த மருந்தை 1957லேயே நீரிழிவுக்குப் பயன்படுத்திக் காட்டினார் பிரெஞ்சு டாக்டர் ழான் ஸ்டெர்ன். முதலில் அவருக்கு வயிற்றைக் கலக்கியது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறியதும் பழகிவிட்டது. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 8.6 வந்தது. பலருக்கு 7க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு.

டாக்டர் கிளைமிபிரைடைச் சேர்த்தார். விலை மலிவு, சர்க்கரையும் வேகமாக இறங்கும். இந்த மருந்து வம்சமே ஒரு பக்க விளைவில் பிறந்தது. 1942ல் பிரான்சின் மான்பெல்லியே நகரில் டைஃபாய்டுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கியது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து இது. சாப்பாடு தாமதமானாலும் அதன் வேலை நிற்காது.

இரண்டாவது வாரம், பகல் பன்னிரண்டேகாலுக்கு அவருக்குக் கை நடுங்கியது. "என்னக்கா, முகமெல்லாம் இப்படி வேர்த்து ஊத்துது?" என்று பக்கத்து மெஷின்காரப் பெண் பதறினார். ஓடுகிற ஊசிக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி அதிகமில்லை. பையிலிருந்த மிட்டாய் அன்று காப்பாற்றியது. ஆனால் விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனால் மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டும் ஹெல்பர் வேலைக்குப் போட்டுவிடுவார்கள், சம்பளம் குறையும் என்ற பயம். அதனால் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஷிப்மென்ட் நாட்களில் மாத்திரையே போடுவதில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்த ரிப்போர்ட் 8.9. மாத்திரை போதவில்லை என்று நினைத்த டாக்டர் அளவைக் கூட்ட முற்பட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள்தான் போட்டு உடைத்தாள்: "அம்மா பாதி நாள் அதைப் போடறதே இல்ல டாக்டர்." ஏன் என்று அவர் கேட்க, அப்போதுதான் சாப்பாட்டு நேரம், டார்கெட், பாத்ரூம் எல்லாம் வெளியே வந்தன.

பிறகு நடந்த யோசனையே வேறு மாதிரி இருந்தது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை அதிகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதய நோய் உள்ள நீரிழிவுக்காரர்களிடம் எம்பாகிளிஃப்ளோசின் இதய, ரத்தநாள மரணங்களை 38 சதவீதம் குறைத்ததாக 2015ல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகத்துக்கும் இவை பாதுகாப்பு. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினின் இந்தியக் காப்புரிமை முடிந்ததும் விலையும் சரிந்தது. ஆனால் சிறுநீர் அதிகம் போகும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு பெண்களுக்குக் கூடுதல். தண்ணீர் குடிக்காதவர்களுக்கு உடல் வறண்டுபோகும் ஆபத்து வேறு. அவருக்குச் சிறுநீரில் புரதம் இல்லை, இதயக் கோளாறும் இல்லை என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று.

பியோகிளிட்டசோன்? 2013 ஜூனில் மத்திய அரசு நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கையுடன் மீண்டும் அனுமதித்த மருந்து. எடை கூடும், கால் வீங்கும். சாயங்காலம் ஏற்கனவே வீங்கிப்போகிற கால்கள் அவருடையவை.

மிஞ்சியது சிட்டாகிளிப்டின். சாப்பிட்டுச் சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைக் கூட்டும். மெட்ஃபார்மினோடு மட்டும் சேரும்போது தாழ்சர்க்கரை மயக்கம் வருவது குறைவு. சர்க்கரையைக் குறைக்கும் வேகமும் மிதம்தான். இதன் காப்புரிமை 2022ல் முடிந்தது. அந்த வருடமே மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்தது. கிளைமிபிரைடை நிறுத்திவிட்டு இதை எழுதிக் கொடுத்தார் டாக்டர். மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை, இரவுச் சோறும் பாதியானது. மூன்று மாதத்தில் 7.6. இலக்குக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் கை நடுங்கவில்லை, மெஷினும் போகவில்லை.

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் ஒருவருக்குச் சரியான மாத்திரை மற்றவருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. கிளைமிபிரைடையே வேளா வேளைக்குச் சாப்பிடும் லட்சக்கணக்கானவர்கள் தொந்தரவில்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பாடு, என்ன வேலை, பாத்ரூம் வசதி உண்டா, மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், எத்தனை நாள் மாத்திரை தவறியது என்பதெல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டும், டாக்டரும் கேட்க வேண்டும்.

சொல்வதும் ஒரு தடவையோடு முடிகிற காரியமில்லை. வருடம் ஒரு முறை சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அது தென்பட்டால் இன்று வேண்டாம் என்று ஒதுக்கிய மாத்திரையே நாளை அவருக்கு அவசியமாகிவிடலாம்.